தோட்டாவுக்கு மருந்து

பயங்கரவாதத்தின் வகைகளையும் அதன் உளவியலையும் வருடா வருடம் பாடமாக நடத்துகிறவள் நான். மைசூரில் ஒரு கல்லூரியில் ஆசிரியை. மதத்தின் பேரில் நடப்பது, இனத்தின் பேரில் நடப்பது, ஓர் அரசே தன் மக்கள்மேல் ஏவிவிடுவது, யாரோடும் சேராமல் அறைக்குள் கறுவிக்கொண்டே இருந்தவன் ஒருநாள் வெளியே வந்து செய்வது என்று பிள்ளைகளுக்கு ஒவ்வொன்றாகச் சொல்வேன். குண்டு வைப்பவனைப் பைத்தியம் என்று நினைக்காதீர்கள் என்பேன். பெரும்பாலும் அவன் நம்மைப் போலச் சாப்பிட்டுத் தூங்குகிற ஆள்தான். தன் கூட்டம் மட்டுமே நல்லது என்று நம்பத் தொடங்கி, எதிரே இருப்பவனை மனுஷனாகப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறான். இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு விஜயநகரில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து நிம்மதியாகக் காபி குடிப்பேன். போன வருஷம் அந்தப் பாடம் என் காம்பவுண்டுச் சுவர்வரை வந்துவிட்டது.

எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்குத் தோட்ட வேலை செய்கிறவர் ஒருவர்தான். நாற்பது வயசுக்காரர், கோபிநத்தத்தில் பிறந்தவர். முதுகில் மருந்தடிக்கிற டேங்க்கும் மொபெட்டில் மண்வெட்டியுமாக வருவார். வீட்டில் தமிழ், வெளியில் கன்னடம் என்று வளர்ந்தவர் என்பதால் அவர் தமிழில் கன்னடம் தாராளமாகப் புழங்கும். தோட்டம் என்று அவர் வாயில் வராது. கன்னடத்துத் ‘தோட்டா’தான். அவர் மனைவி மேட்டூர்ப் பக்கம், கன்னடம் ஒரு வார்த்தை தெரியாது. ஊரில் இருக்கும் அந்த மனைவியிடம் என் செம்பருத்திப் பக்கம் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி போனில் பேசுவார். அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. இங்கே தமிழை வாய்விட்டுப் பேசுகிறவர்கள் குறைவு.

அடுத்த வீட்டுக்காரரும் தமிழர்தான். ஓய்வு பெற்றபின் வெயில் தாங்காமல் சென்னையிலிருந்து வந்து குடியேறியவர். பேப்பரை வரி விடாமல் படிப்பார், டிவிச் செய்தியை அதைவிடக் கவனமாகப் பார்ப்பார். எங்கோ ஒரு ஊரில் குண்டு வெடித்த செய்தி டிவியில் ஓடிக்கொண்டே இருந்த வாரம் அது. தெருவுக்கென்று ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. சந்தேகப்படும்படி எதைப் பார்த்தாலும் சொல்லுங்கள் என்று அதில் செயலாளர் எழுதியிருந்தார்.

மறுநாள் காலை தோட்டக்காரர் தன் மனைவியிடம் போனில் சொன்னதை நானும் கேட்டேன். “நாலு தோட்டாவுக்கும் மருந்து போட்டாச்சு. பெரிய தோட்டா நாளைக்குத்தான்.” நாலு வீட்டுத் தோட்டத்துக்குப் பூச்சிமருந்து அடித்தாயிற்று, பெரிய தோட்டம் பாக்கி. அவ்வளவுதான் சேதி. சென்னைத் தமிழ்க் காதுக்கோ தோட்டா என்றால் துப்பாக்கித் தோட்டா, அதற்குப் போடுகிற மருந்து வெடிமருந்து. நாளைக்குப் பெரிசு வேறு.

சுவருக்கு அப்பால் இதைக் கேட்ட அடுத்த வீட்டுக்காரர், கேட்டது கேட்டபடியாவது குழுவில் எழுதியிருக்கலாம். கன்னடக்காரர்கள் எல்லோருக்கும் தோட்டா என்றால் என்னவென்று தெரியும், சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். இவர் படித்தவராயிற்றே! அழகாக இங்கிலீஷில் மொழிபெயர்த்துப் போட்டார். நாலு புல்லட்டில் வெடிமருந்து நிரப்பியாகிவிட்டது, பெரியது நாளை. அதோடு சுவருக்கு மேலே எடுத்த ஒரு போட்டோ, முதுகு டேங்க்கைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

அரை மணி நேரத்தில் தெருவே மாறிவிட்டது. தோட்டக்காரர் கையால் பதியன் போட்ட ரோஜாவைத் தினமும் சாமிக்கு வைக்கிற அம்மாள்கூட அவரை ‘அந்த ஆள்’ என்று எழுதினார். எந்த ஊர் என்று ஒருவர் கேட்க, கோபிநத்தம் என்று இன்னொருவர் சொல்ல, ‘ஓ, அப்ப சரிதான்’ என்று மூன்றாமவர் முடித்தார். அங்கே பிறந்து எப்போதோ காட்டில் ஒளிந்திருந்த சந்தனக் கடத்தல்காரன் ஒருவனுக்காக அந்த ஊர்க்காரர்கள் இன்னும் எத்தனை பேருக்குப் பதில் சொல்ல வேண்டுமோ தெரியவில்லை. நான் விளக்கி எழுதினேன். யாரும் படிக்கவில்லை. செயலாளர் அதற்குள் போலீசுக்குப் போன் போட்டிருந்தார்.

போலீஸ்காரர்கள் அடிக்கவில்லை, திட்டவில்லை. ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள், டேங்க்கையும் எடுத்துக்கொண்டார்கள். தெருவே கேட்டுக்குப் பின்னால் நின்று பார்த்தது. நானும் ஆட்டோ பிடித்துப் பின்னாலேயே போனேன். சாயங்காலம்வரை அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கடைசியில் ஒரு அதிகாரி, போனில் என்ன சொன்னாய் என்று கன்னடத்தில் கேட்டார். அவர் சொன்னார். அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சுற்றி நின்றவர்களுக்கும். தோட்டக்காரர் சிரிக்கவில்லை. டேங்க்கை வாங்கி முதுகில் மாட்டிக்கொண்டு வெளியே நடந்தார்.

திரும்பி வந்ததும் நேராக அடுத்த வீட்டுக்குத்தான் போனேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் நிற்கிற மனுஷனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்றேன். அவர் கோபப்படவில்லை. பொறுமையாக, எனக்குப் பாடம் எடுப்பதுபோலச் சொன்னார்.

“ஒருவேளை நெஜமா இருந்திருந்தா?”

இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு யாரை வேண்டுமானாலும் ஜீப்பில் ஏற்றலாம். குழுவில் மன்னிப்பென்று யாரும் எழுதவில்லை. ‘எல்லாம் நல்லபடி முடிந்தது’ என்று செயலாளர் போட்டார், கீழே வரிசையாகக் கைகூப்பிய பொம்மைகள். அதன்பின் தோட்டக்காரர் மட்டும் தெருவுக்குள் வரும்போதெல்லாம் தெருமுனைக் காவலாளியிடம் டேங்க்கைத் திறந்து காட்ட வேண்டும் என்று முடிவாயிற்று.

அடுத்த வீட்டுக்காரரைப் பயங்கரவாதி என்று சொல்ல வரவில்லை. குண்டு வைக்கிறவன் கொலைகாரன், இவர் பயந்துபோன மனுஷர், இரண்டும் ஒன்றில்லை. ஆனால் செத்தவர்களைவிட, சாகாதவர்கள் ஒருவரையொருவர் பார்த்துப் பயந்துகொண்டிருப்பதுதான் குண்டு வைப்பவனுக்கு வேண்டும் என்று வகுப்பில் சொல்கிறவள் நான். எங்கோ வெடித்த குண்டுக்கு மிச்ச வேலையை எங்கள் தெரு கூலி வாங்காமல் செய்து கொடுத்தது. படித்தவர்கள், பென்ஷன் வாங்குகிறவர்கள், தினமும் வாக்கிங் போகிறவர்கள். நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

அந்த மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டக்காரர் என் செம்பருத்திக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தார். போன் வந்தது. மனைவி. அவர் காதில் வைத்துக்கொண்டு “ம்” என்றார், கொஞ்சம் கழித்து இன்னொரு “ம்”, பிறகு ஆமாம் என்பதற்குக் கன்னடத்தில் “ஹவுது”. அந்தப் பெண்ணுக்கு அது புரிந்திருக்காது. வைத்துவிட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அடுத்த வீட்டுச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, அங்கே கேட்கட்டும் என்றே தமிழில் உரக்கக் கேட்டேன். “தோட்டாவுக்கெல்லாம் மருந்து போட்டாச்சாங்க?”

மருந்தடிக்கிற குழாய் அவர் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. முதலில் சுவரைப் பார்த்தார், பிறகுதான் என்னை. “மெல்லகெ மேடம்” என்று கன்னடத்தில் கெஞ்சினார். மெதுவாகப் பேசச் சொன்னார். அப்புறம் பக்கத்தில் வந்து, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் தமிழில் சொன்னார்.

“உங்கள யாரும் கூட்டிட்டுப் போக மாட்டாங்க.”