பிளீச்சிங் பவுடர் போட்ட தெரு

பேருந்து டயர் பஞ்சராகிப் பேட்டையைத் தாண்டி நிற்கிறது. தெருமுனைக் குழாயில் என் எவர்சில்வர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு எதிர் டீக்கடையில் ஒதுங்குகிறேன். சாக்கடையின் இரு ஓரமும் பிளீச்சிங் பவுடர், இப்போதுதான் கோலமாவு இழுத்ததுபோல. வாடை மூக்கில் ஏறுகிறது. நம் பக்கம் இந்த வெள்ளைக் கோடு விழ இரண்டே காரணம்தான்: மந்திரி வர வேண்டும், இல்லையென்றால் வாந்திபேதி வந்திருக்க வேண்டும்.

"அண்ணாச்சி, இங்க யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

டீ ஆற்றும் கடைக்காரர் நிமிரவில்லை. "சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல. மந்திரி வாராரு, அதான் போட்டிருக்காவ."

எந்த மந்திரி என்றால் தெரியாதாம். தெருவில் ஒரு கொடி இல்லை, போஸ்டர் இல்லை. எந்தக் கட்சிக்காரன் இவ்வளவு அடக்கமாக இருப்பான்? பெஞ்சில் இருப்பவர்களோ இந்த வெயிலில் டம்ளரை ஊதி ஊதிக் குடிக்கிறார்கள். டீ அல்ல, வெறும் வெந்நீர்.

ஓட்டுநர் ஹாரன் அடிக்கிறார். எழுந்து பாட்டிலை வாயருகே கொண்டு போகிறேன். கடைக்காரர் எட்டி அதைப் பிடுங்கிச் சாக்கடையில் கவிழ்க்கிறார். பாய்லரில் வெந்நீர் பிடித்து நீட்டுகிறார்.

"பைய குடிங்க, சூடா இருக்கு. மந்திரி வாராருல்லா."