நான் சந்திக்காத முத்துலட்சுமி

நான் ஒரு பேய்க்கதை எழுதியிருக்கிறேன். கல்லூரிப் பதிவேட்டில், சொந்தக் கையெழுத்தோடு.

தமிழ்ப் பிள்ளைகள் பாதியில் படிப்பை விடாமலிருக்க, கேரளத்து இடுக்கியிலுள்ள எங்கள் கல்லூரியில் ஓர் ஏற்பாடு உண்டு. ஒவ்வோர் ஆசிரியர் பொறுப்பிலும் ஐந்து பிள்ளைகள். வாராவாரம் அவர்களோடு பேசிப் பதிவேட்டில் எழுத வேண்டும். நான் மாதக் கடைசியில் மொத்தமாக எழுதிவிடுவேன். வட்டவடை மலைக்கிராமத்து முத்துலட்சுமிக்கு, வாரத்துக்கொரு தேதி போட்டு, 'சந்தித்தேன். மலையாள வகுப்புகள் நன்றாகப் புரிகின்றன. உற்சாகமாக இருக்கிறாள்' என்று எழுதியிருந்தேன்.

பெயர் நீக்கும் பட்டியலில் அவள் பெயர் வந்தபோதுதான் தெரிந்தது, இரண்டு மாதமாக அவள் வரவேயில்லை. மறுநாளைக்குள் வராவிட்டால் படிப்பு அவ்வளவுதான். ஜீப் பிடித்தேன்.

வட்டவடையில் பட்டப்பகலிலேயே மூடுபனி. முத்துலட்சுமியா என்று கேட்டதும், கேரட் தோட்டத்தில் குனிந்திருந்த உருவம் நிமிர்ந்தது. அவள்தான். பதிவேட்டை நீட்டினேன். மண் விரலால் தேதி தேதியாகத் தொட்டுப் படித்தாள்.

"அன்னைக்கெல்லாம் நான் இங்கனதான் சார் இருந்தேன். அப்ப உங்க முன்னாடி வந்து உக்காந்தது யாரு?"

கிண்டலில்லை. பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். பனிக்குள் யாரோ உற்சாகமாக நிற்பதுபோலவே இருந்தது.

"யாருமில்லம்மா. நான் யாரையும் கூப்பிடவே இல்ல."

"வகுப்புல ஒண்ணும் புரியல சார். கேக்கவும் ஆளில்ல. அதான் நின்னுட்டேன்."

மறுநாள் வந்துவிட்டாள். அதன்பின் புதன்தோறும் உட்கார்ந்து, மலையாளக் குறிப்புகளைத் தமிழில் சொல்லிச் சொல்லிப் படித்தோம். பட்டமும் வாங்கினாள். சான்றிதழைக் காட்ட வந்தபோது, ஏதோ நானே தேறியதுபோல் சிரித்தேன்.

"ரொம்பப் பெருமப்படாதீங்க சார்," என்றாள். "நீங்க எழுதுன பொண்ணுக்கு நீங்க இல்லாமலே எல்லாம் புரிஞ்சுச்சு."