பத்தாயிரம் முட்டைகளில் ஒன்று

எங்கள் மாநிலத்தில் லாட்டரிக்குத் தடை உண்டு. அப்பாவின் லாரிக்கு அந்தத் தடை கேரள எல்லையான வாளையாறு வரைதான். நாமக்கல்லில் முட்டை ஏற்றிக்கொண்டு வாரம் இரண்டு மூன்று முறை பாலக்காட்டுக்குப் போவார். திரும்பும்போது சட்டைப்பையில் ஒரு சீட்டு இருக்கும். மறுநாள் செல்பேசியில் முடிவைப் பார்த்துவிட்டு, "ஒரு நம்பர்ல போச்சு" என்பார். எத்தனை நம்பரில் போனாலும் அவருக்கு அது ஒரு நம்பர்தான்.

அப்போது நான் ஏழாம் வகுப்பு. வாடகை வீட்டில் இருந்தோம். ஊருக்கு வெளியே இரண்டு சென்ட் மனையில் எங்கள் சொந்த வீடு வெறும் சுவர்களாக நின்றது. கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கி அம்மா சேர்த்த பணம் அதற்குத் தளம் போடுவதற்கென்று இருந்தது. அது சீட்டின் பக்கம் நகர்ந்துவிடுமோ என்பதே அவளுடைய பயம்.

"நாஞ்சொன்னாச் சண்டையாப் போயிரும். நீ கணக்குப் போட்டுக் காட்டு சாமி. நீ சொன்னாத்தான் உங்கப்பா கேக்கும்" என்றாள்.

கணக்கில் நான் கெட்டிக்காரி என்று வகுப்பில் பெயர். கடைசி நான்கு இலக்கம் ஒத்துப்போனாலே சிறு பரிசு உண்டு என்று அப்பா சொல்லியிருந்தார். அப்படி முடியும் எண்கள் மொத்தம் பத்தாயிரம். அவருக்குப் புரியும்படி அதை முட்டையாக மாற்றினேன். அட்டைக்கு முப்பது வீதம், முன்னூற்று முப்பத்து மூன்று அட்டைகள்; மீதி பத்து முட்டை. அவற்றுள் ஒன்றின் அடியில் மட்டும் பென்சில் புள்ளி. கண்ணை மூடிக்கொண்டு முதல் தடவையிலேயே அதை எடுக்க வேண்டும்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். எண்ணைக் கண்டு மலைத்துவிட்டார் என்று நினைத்தேன். அவரோ மனத்துக்குள் லாரியில் அதை அடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முன்னூத்திச் சொச்சம் அட்டதானா? அது ஒரே கடைக்கு எறக்கறதாச்சே சாமி! நா என்னமோ கோடிக்கணக்குல இருக்கும்னு பயந்துக்கிட்டிருந்தேன்."

லட்சத்துக்கு மேல் முட்டை ஏற்றுகிறவருக்குப் பத்தாயிரம் என்பது லாரியின் ஒரு மூலை. இதை நான் யோசித்திருக்கவில்லை.

"சரி, பத்துச் சீட்டு எடுத்தா?"

"பத்து மடங்குங்கப்பா."

அது சரியான விடை. சரியான விடையைச் சொல்லாமல் இருக்க எனக்குத் தெரியாது. வாய்ப்போடு செலவும் பத்து மடங்காகும் என்பதையும், எல்லாச் சீட்டையும் ஒருவரே வாங்கினாலும் போட்டது முழுதாகத் திரும்பாது என்பதையும் நான் சொல்லவில்லை. அந்த வரிகள் என் கணக்கில் இல்லை.

"கேட்டியா, உம்மவ சொல்றத?" என்று அப்பா சமையலறைப் பக்கம் பார்த்துச் சிரித்தார்.

"கேட்டேனுங்க. காதுல நல்லாவே உழுந்துச்சு" என்றாள் அம்மா.

அதன்பின் சீட்டுகள் ரப்பர் பேண்ட் போட்டு வந்தன. எண்களைப் பிரித்து எழுதும் வேலையை அப்பா எனக்குக் கொடுத்தார், பெருமையாகச் செய்தேன். ஓரிரு முறை சிறு தொகை விழுந்தது. அடுத்த நடையில் அதுவும் சீட்டாக மாறியது. தளத்துக்கு வைத்திருந்தது கரைந்து, கைமாற்றுக் கொடுத்தவர்கள் வாசலில் வந்து நிற்கத் தொடங்கியபோதும் நான் எழுதிக்கொண்டுதான் இருந்தேன்.

ஆடி கழிந்ததும் ஒரு நாள், அம்மா கல்யாணத்துக்குக் கட்டும் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு அப்பாவுடன் பத்திர ஆபீசுக்குப் போனாள். மாலையில் திரும்பும்போது புரோட்டா பொட்டலமும் எனக்குப் புதுச் செருப்பும் வந்தன. வாசலில் நின்றிருந்தவர்களுக்கு அப்பா பணம் கொடுத்து அனுப்பினார். அந்தச் சுவர்களை விற்றுவிட்டு வந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. என் கணக்கு பலித்துவிட்டது என்றே நம்பினேன்.

"எவ்வளவுங்கப்பா விழுந்துச்சு?" என்று கேட்டேன்.

அப்பா கையிலிருந்த புரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. அம்மா தன் இலையிலிருந்ததை எடுத்து என் இலையில் வைத்து, "பேசாமச் சாப்புடு சாமி" என்றாள்.

நிறைய விழுந்திருக்கிறது, அதனால்தான் வெளியே சொல்ல மாட்டேன் என்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு, நான் இரண்டையும் சாப்பிட்டேன்.