துடைப்பம் பெருக்கிய வழி

அந்த மூக்குக்கண்ணாடி நிறுவனத்தின் தலைமையகத்தில் நெட்வொர்க்கைக் கவனிப்பவருக்கு அலுவலகம் வைத்த பெயர் துடைப்பம். அவர் மேசையில் ஒரு பேனாகூடக் கிடக்காது. குடித்து முடிப்பதற்குள் தேநீர்க் கோப்பையைக் கழுவிவிடுவார், பல நேரம் அடுத்தவருடையதையும். அதெல்லாம் தொலையட்டும். மனிதர், தகவலுக்கு வழி காட்டும் ரூட்டருக்குள்ளும் பெருக்கப் புகுந்துவிட்டார்.

கிளைகளுக்கும் தலைமையகத்துக்கும் நடுவே, பொது இணையத்தின் ஊடாகவே, வெளியார் எட்டிப் பார்க்க முடியாத டனல் போட்டிருந்தார்கள். கிளையில் கண் சோதித்து எழுதும் பவர் அதன் வழியாகத்தான் தலைமையகத்தில் கண்ணாடி செய்யும் பட்டறைக்கு வரும். எங்கே போக எது வழி என்று இருமுனை ரூட்டர்களும் டனலுக்குள்ளேயே பேசித் தெரிந்துகொள்ளும். ஒரே ஒரு வழியை மட்டும் முன்பிருந்தவர் கையால் எழுதியிருந்தார்: டனலின் மறுமுனைக்குப் போக வெளி ரோட்டையே, அதாவது பொது இணையத்தையே, பிடி.

"எல்லாம் தானா கத்துக்குது, இது மட்டும் என்ன ஒட்டடை மாதிரி?" என்று துடைப்பம் அதை அழித்தார். தொடங்கியது சொந்தத் தங்கை மேலாளராக இருக்கும் கிளையில். வீட்டு ஆள், புகார் சொல்லமாட்டாள் என்ற தைரியம்.

மறுமுனை ரூட்டர் தன் முகவரிக்கான வழியையும் டனலுக்குள்ளேயே சொன்னது. இந்த முனை நம்பித் தொலைத்தது. டனலின் வாசலுக்குப் போகும் பாதை டனலுக்குள் என்றாகிவிட்டது. சாவியை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்திய கதை. டனல் விழுந்தது. விழுந்ததும் அந்தத் தப்பு வழி மறந்துபோக, எழுந்தது. எழுந்ததும் அதையே கற்றுக்கொண்டு மறுபடி விழுந்தது.

தங்கை போன் செய்தாள். "அண்ணா, லைன் வருது, போகுது. பவரை அடிச்சு முடிக்கறதுக்குள்ள செத்துடுது. கஸ்டமர் முறைக்கிறார், அதுவும் கண்ணாடி இல்லாம!"

"போன்ல சொல்லாதே. கம்ப்யூட்டர்ல புகார் பக்கத்தைத் திறந்து பதிவு பண்ணு."

"அந்தப் பக்கமே டனல் வழியாத்தானே திறக்கும்?"

"முறைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

"அண்ணி எப்படித்தான் உன்னோட குடும்பம் நடத்தறாங்களோ!"

முதலாளிக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அந்தக் கிளையிலிருந்து ஆர்டர் வருவதில்லை. கிளை ஆட்கள் கேபிளை உதைக்கிறார்கள் என்று துடைப்பம் முன்பே ஓதிவைத்திருந்தார். கூட்டத்தில் முதலாளி தங்கையை ஸ்பீக்கரில் போட்டார். "இப்போ ஒரு ஆர்டர் அனுப்பும்மா. வரலைன்னா கிளையை மூடிடலாம்."

துடைப்பத்துக்கு அப்போதுதான் மடிக்கணினியில் டனலின் பதிவுகளைப் பார்க்கத் தோன்றியது. விழுவதும் எழுவதும் அச்சடித்ததுபோல் ஒரே இடைவெளியில். கேபிளை இவ்வளவு தாளக்கட்டோடு உதைக்கும் கால் உலகத்தில் கிடையாது. காரணம் கேபிள் இல்லை, தான் அழித்த வரிதான் என்று அவருக்கு உறைத்தது. தங்கையின் வேலை அந்த ஒரு வரியில் தொங்குவது புரிந்தது. எல்லோரும் ஆர்டர் பட்டியல் ஓடும் சுவர்த் திரையைப் பார்த்திருந்தபோது, அழித்த வரியைச் சத்தமில்லாமல் எழுதினார்.

டனல் விழாமல் நின்றது. ஆர்டர் வந்து விழுந்தது.

"பலே! என்ன பண்ணீங்க?" என்றார் முதலாளி.

"கொஞ்சம் ட்யூன் பண்ணேன் சார்."

ஸ்பீக்கர் பேசியது: "வீட்டுல மாதிரியே எதையோ பெருக்கி எடுத்துட்டு, இப்போ திருப்பி வெச்சுட்டியா அண்ணா?"

அறை முழுக்க அவரைப் பார்த்தது. துடைப்பம் கழுத்துப் பட்டியைத் தளர்த்தினார்.

"குப்பைன்னு நெனச்சேன் சார்..."

முதலாளி சிரிக்கவில்லை. "கிளை இருக்கட்டும். இனிமே இவர் எதை அழிக்கறதா இருந்தாலும் உன்னைக் கேட்டுட்டு அழிக்கட்டும்மா."

"ஐயோ, வேண்டாம் சார். எனக்கு இங்க வேலை இருக்கு," என்று தங்கை போனை வைத்துவிட்டாள்.