பின்னால் நிற்கும் ஆள்

யப்பான்காரர் ஒருவருக்கு அவமானம் நேர்ந்தால் அன்று பொழுதுபடுவதற்குள் வயிற்றைக் கிழித்துக்கொள்வார் என்று நான் ஐம்பது வயது தாண்டியும் நம்பியிருந்தேன். இந்த அறிவு எனக்கு இந்தியாவில், மண்டபம் அகதி முகாமில் கிடைத்தது. யாரோ வாடகைக்கு எடுத்து வந்த வீடியோ டெக்கில் சண்டைப் படங்கள் போடுவார்கள். குளித்து முழுகிய சாமுராய் ஒருவர் வெள்ளைத் துணியில் வந்து உட்காருவார். பின்னால் இன்னொருவர் வாளோடு நிற்பார். முன்னால் இருப்பவர் தன் காரியத்தைத் தொடங்கியதும், வேதனை நீளாதபடி பின்னால் நிற்பவர் தலையை எடுத்துவிடுவார். மிகவும் நம்பிக்கையான சிநேகிதனைத்தான் அதற்குக் கூப்பிடுவார்களாம். அந்த வேலைக்கு ஒருநாள் என்னைக் கூப்பிடுவார்கள் என்று முகாமில் யாரும் சொல்லவில்லை.

ஊர் திரும்பிய பிறகு நான் வான் ஓட்டுகிறேன். மன்னாரில் எங்கள் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கும் விடுகிறோம். பக்கத்துக் கடற்கரையான கீரியில் மீனவர் சங்கத்துக்கு ஐஸ் தொழிற்சாலை போட வந்த யப்பான் பொறியியலாளர் அந்த அறையில்தான் தங்கினார். ஓய்வுபெறும் வயதை நெருங்கிய மனிதர். தலை நிறைய நரைத்த முடி, அதை எந்நேரமும் சீவியபடி இருப்பார். என்னை ‘ட்ரைவர் சான்’ என்பார். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஒரே அளவில் நொண்டியதால் நன்றாகப் பழகினோம். அவர் பேசியதை இங்கே தமிழில் தருகிறேன்.

ஒருநாள் அவரை வானில் கொண்டுபோகையில் கழுதைகள் தெருவை மறித்துப் படுத்திருந்தன. ஹோன் அடிக்க விடமாட்டேன் என்றார். பொழுது போகத் தன் முப்பாட்டனைப் பற்றிச் சொன்னார். அவர் சாமுராயாம். புதிய அரசாங்கம் ரயிலும் தந்தியும் கொண்டுவந்தது. தெருவில் வாளோடு நடக்கக் கூடாது, உச்சிக் குடுமியை எடு என்றது. அவர் குடைக் கடை போட்டார். விலை கேட்டவர்களிடம் கோபப்பட்டார். கடை படுத்துவிட்டது. பிறகு ரயில்வேயில் வேலை எடுத்தார். அவருடைய பிழையால் ஒரு ரயில் தாமதமாகப் போனது. வீட்டுக்கு வந்து வெள்ளைத் துணி விரித்து உட்கார்ந்தார். கதை அந்த இடத்துக்கு வந்தபோது கழுதைகள் எழுந்துவிட்டன. பின்னால் நின்ற பஸ்காரர் எங்களைப் போல மரியாதை பார்க்கிறவர் அல்ல. வானை எடுத்தேன். மிச்சக் கதையை முகாமில் பார்த்த படங்களைக் கொண்டு நானே முடித்துக்கொண்டேன்.

தொழிற்சாலை திறந்த காலையில் பங்குத்தந்தை ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். வள்ளங்கள் இறாலோடும் நண்டோடும் வந்து காத்திருந்தன. இயந்திரம் சிறிது நேரம் உறுமியது, பிறகு நின்றது. யப்பானிலுள்ள கம்பனித் தலைமைக் கந்தோர் கொடுத்த குளிர்நாட்டுக் கணக்கின்படியே, இயந்திரம் தானாக நிற்கும் வெப்ப எல்லையைப் பொறியியலாளர் வைத்திருந்தார். மன்னார் வெயிலைக் கண்டதும் இயந்திரம் தனக்குத் தீப்பிடித்துவிட்டது என்று முடிவு செய்துகொண்டது. ஐஸ் வரவில்லை. மத்தியானத்துக்குள் இறால் மணக்கத் தொடங்கியது. பொறியியலாளர் மீனவர்களுக்கு முன்னால் இடுப்புவரை குனிந்து நின்றார். அவர் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறார் என்று நினைத்துச் சிலர் தாங்களும் குனிந்து பார்த்தார்கள்.

இயந்திரத்தை இயக்குவது ஒரு பெண். முகாமில் பிறந்து, அங்கேயே குளிரூட்டி வேலை படித்துத் திரும்பியவள். அவளுடைய வீடு அந்தச் சம்பளத்தில்தான் நடக்கிறது. மத்தியானம் எங்கள் முற்றத்துக்கு வந்தாள். கையில் தொழிற்சாலைப் பூட்டுகளின் திறப்புகள்.

“அண்ணை, பின்னேரம் கம்பனியின்ர வீடியோக் கூட்டமாம். நான் பிழையா அமத்தினதெண்டு முடிக்கப் போகினமாம். கொழும்பில இருக்கிற அவையின்ர ஆள் சொல்லுறார்.”

“நீ பிழையா அமத்தினனியே?”

“நான் அமத்தினது ஒரே ஒரு பட்டன். அதுவும் இவர் அமத்தெண்ட பட்டன்.”

“அப்ப ஏன் பயப்பிடுறாய்?”

“என்னண்ணை கதைக்கிறீங்கள்? வேலையால நிப்பாட்டுறதெண்டா யப்பான்காரரை நிப்பாட்டுவினமோ, என்னை நிப்பாட்டுவினமோ?”

பதில் எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். ஆகவே தேத்தண்ணி குடிக்கிறாயா என்று கேட்டேன்.

அந்த நேரம் பொறியியலாளர் அறையிலிருந்து வந்தார். சாப்பாட்டைத் தொட்டிருக்கவில்லை. குளித்து, புதுச் சேட்டு போட்டிருந்தார்.

“ட்ரைவர் சான், ஒரு வெள்ளைத் துணி வேண்டும். முற்றத்தில் விரிக்க வேண்டும். ஒரு வாளி தண்ணீரும் வேண்டும்.”

“எதுக்கு சேர்?”

“கூட்டத்துக்கு முன்னால் ஒரு காரியம் முடிக்க வேண்டும். முன்பக்கம் நானே செய்வேன். பின்பக்கம் எனக்கு எட்டாது. நீங்கள் எனக்குப் பின்னால் நிற்க வேண்டும்.”

அவருடைய வயிற்றுக்காக நான் கவலைப்பட்டேன் என்று சொல்ல ஆசைதான்; உண்மையில் கவலை எனக்காகத்தான்.

“எனக்குப் பழக்கமில்லை சேர்.”

“கஷ்டமில்லை. கை நடுங்கக் கூடாது, அவ்வளவுதான்.”

குசினிக்குள் ஓடினேன். கையில் அகப்பட்ட கூரான சாமான்களையெல்லாம் ஒளித்தேன். தாழ்ப்பாள் போட்டேன், பிறகு நான் உள்ளே நிற்பதை உணர்ந்து திறந்தேன். மனைவி மீனோடு வந்து நின்றாள்.

“என்னப்பா, மீன் வெட்டிற கத்தி எங்க?”

“அரிசி வாளிக்குள்ள.”

“தேங்காய்த் திருவலையையும் காணேல்ல.”

“அதுவும் வாளிக்குள்ளதான். அவர் வயித்தைக் கிழிக்கப் போறாரப்பா!”

“திருவலையால ஆரப்பா வயித்தைக் கிழிக்கிறது? கிழிச்சு முடிய விடிஞ்சிடும். துணியைக் குடுத்திட்டுப் போய் அந்த மனுசனிட்டை என்ன ஏதெண்டு கேளுங்கோ.”

கேட்பது என்ற வழி அதுவரை எனக்குத் தோன்றவில்லை. மனைவியே அலுமாரியிலிருந்து வெள்ளைப் படுக்கை விரிப்பை எடுத்துக் கொடுத்தாள், பழையதாகப் பார்த்து. கறை பட்டால் போகாதே.

முற்றத்தில் விரித்தேன். அவர் முழங்காலை மடித்து, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். அந்தப் பெண் திறப்புகளைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் மடியிலிருந்த கறுப்புப் பையின் சிப்பை இழுத்தார். கேட்க வந்தவன் கேள்வியை மறந்து, பின்னாலிருந்து பாய்ந்து அவருடைய இரண்டு கைகளையும் சேர்த்துக் கட்டிப்பிடித்தேன். “வேண்டாம் சேர்! இறால்தானே சேர்! நாளைக்கும் கடல்ல இறால் வரும் சேர்!” என்று கத்தினேன். இருவரும் சரிந்து விழுந்தோம். வாளி உருண்டது. பை திறந்து, முடி வெட்டும் மின்சார மெசின் ஒன்று மண்ணில் விழுந்து, தானாகவே இயங்கத் தொடங்கி, வண்டு மாதிரி சுற்றியது.

அந்தப் பெண் சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அவர் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு மறுபடி அதே மாதிரி உட்கார்ந்தார். முன்பக்கத்தை வழித்துக்கொண்டே விளக்கம் சொன்னார். அவருடைய நாட்டில், பிழை என்னுடையது என்று சொல்ல மொட்டை அடிக்கும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்களாம். கம்பனியில் உள்ள இளம் ஆட்களுக்கு அது பகிடியாம். கம்பனிச் சட்டத்தரணிகளுக்குப் பகிடி இல்லையாம். மன்னிப்புக் கேட்டால் பிழையை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று அவர்கள் எவரையும் குனியவே விடுவதில்லையாம்.

“ஆனால் கமராவில் இந்தத் தலை தெரியும். தெரிந்த பிறகு இயக்கியவரின் பிழை என்று அவர்களால் சொல்ல முடியாது.”

“உங்கட முப்பாட்டன் என்ன செய்தவர்?” என்று கேட்டேன். கேட்டபடியே வாளியை நிமிர்த்தி வைத்தேன்.

“வாளைத் தேடினார். மனைவி அதை விற்றுச் சுவர்க் கடிகாரம் வாங்கிவிட்டார். ரயில்வேக்காரனுக்கு வாள் எதற்கு? மொட்டை அடித்துக்கொண்டு அடுத்த நாள் வேலைக்குப் போனார். அரசாங்கம் குடுமியை எடு என்றபோது அழுதவர், அன்றைக்கு அழவில்லையாம்.”

மெசினை என்னிடம் தந்தார். பின்னால் நின்றேன். காதுக்கு மேலே ஓர் இடத்தில் ஆழமாகவும், பிடரியில் ஓர் இடத்தில் மேலோட்டமாகவும் போய்விட்டது. கமரா முன்னால்தானே இருக்கும் என்று அவர் பெருந்தன்மையாகச் சொன்னார். மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், “மடு மாதாவுக்கு நேர்த்தியோ?” என்று கேட்டார். மனைவி ஓம் என்றாள்.

“இந்தாங்கோ சேர்,” என்று அந்தப் பெண் திறப்புகளை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. வெப்ப எல்லையை எவ்வளவுக்கு உயர்த்த வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிவிட்டு, கணினியைத் திறக்க அறைக்குள் போனார்.

கூட்டத்தில் அவர் தொப்பி போடாமல் இருந்தார். அவள் அமத்தியது பிழை என்று யாரும் சொல்லவில்லை. இயந்திரம் அந்தக் கிழமைக்குள்ளேயே ஐஸ் தந்தது. அவள் வேலையில் இருக்கிறாள். அவரைக் கம்பனி திருப்பி அழைத்து, வெளிநாட்டு வேலைகளிலிருந்து எடுத்துவிட்டது. நான்தான் வானில் விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டேன். அப்போது தலையில் கொஞ்சம் முடி வளர்ந்திருந்தது.