மாலை போட்ட பொத்தான்

செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்கள் தங்கும் விடுதிகளுக்குப் பிளான் போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்த ஆர்க்கிடெக்ட் நான். இரண்டாயிரத்துச் சொச்சத்தில், நாற்பதை நெருங்கும் வயதில், இனிமேல் கட்டடத்தை ரோபோ கட்டும், அதை நான் ஆராய்ச்சி செய்யப்போகிறேன் என்று கிளம்பினேன். அதற்குச் சென்னைப் பேராசிரியை ஒருவர் என்னை மாணவனாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். "வளைவா ஒரு செங்கல் சுவர் அடுக்கிக் காட்டுங்க, பார்க்கலாம்" என்றார். காட்டாவிட்டால் மறுபடியும் விடுதி, மறுபடியும் கக்கூஸ் எந்த மூலையில் என்கிற சண்டை.

கார் கம்பெனி கழித்துப்போட்ட ரோபோ கை ஒன்றை அடி அண்ணாமலையில், மனைவியின் அண்ணனுடைய நெல் ஷெட்டில் நிறுத்தி, கம்ப்யூட்டரில் வரைந்த சுவரை அடுக்கப் பழக்கியிருந்தேன். பேராசிரியை வரும் காலையில் மச்சான் தேங்காய், சாமந்தி மாலைகளோடு வந்துவிட்டார். பூஜை போடாமல் அவர் ஷெட்டில் டிராக்டர்கூட உறுமாது.

"மாப்ள, இதுல எது ரொம்ப முக்கியம்?"

"இந்தச் சிவப்புப் பொத்தான். அழுத்தினா எல்லாம் நின்னுடும். உயிரைக் காப்பாத்துறதே அதான்."

என்ன பெருமையாகச் சொன்னேன்! ரோபோ கைக்கு ஒரு சின்ன மாலை. பொத்தானுக்குச் சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்து, பெரிய மாலையை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டார். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

பேராசிரியை வந்து நின்று பார்க்க, நான்கு வரிசை அழகாக ஏறியது. ஐந்தாவதில் சின்ன மாலை பிடியில் சிக்கி, கை சுவரை இடித்துத் தள்ளிக்கொண்டு பேராசிரியை பக்கம் திரும்பியது. பொத்தானைத் தேடினேன். பூ. பூவைப் பிய்த்தேன். வாழைநார். அப்புறம் ஓடினேன். செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினேன் என்று சொல்ல ஆசைதான், மாட்டிக்கொண்டுதான் ஓடினேன்.

மெயின் சுவிட்சை அணைத்தது, வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி.

"பார்த்தீங்களா மேடம், என்னா வேகம்! கட்டடம் கட்டுறவரு இல்லையா, சாஞ்சா எந்தப் பக்கம் ஓடணும்னு முதல்லயே பார்த்து வெச்சிருப்பாரு" என்றாள்.

"பூஜை போட்டதாலதான் உசுரு தப்பிச்சுது" என்றார் மச்சான்.

பேராசிரியை புடவையில் படிந்த செங்கல்தூளைத் தட்டினார். "சேர்ந்துக்கங்க. ஆனா சுவர் கட்ட இல்ல. மெஷின் தப்பாப் போனா பயந்தவன் கை எங்கெங்க போகும்னு லேப்ல ஒரு ஆராய்ச்சி நடக்குது. இவ்ளோ நல்ல ஆள் இதுவரைக்கும் கிடைக்கல."

"ஆராய்ச்சி செய்யவா, மேடம்?"

"இல்லீங்க. முதல்ல சாம்பிளா வாங்க."

சரி என்றேன். குரல் நடுங்கியது. "ஆங், இதுதான், இதேதான்" என்று தலையாட்டினார்.