லோக் வோ என்ற பெயர்

பெயர்ப்பலகைகளைப் படிக்காமல் யெப் குவாக்-சிங் எந்தத் தெருவையும் கடக்கமாட்டார். ஒவ்வோர் எழுத்தையும் விரலால் உள்ளங்கையில் எழுதிப் பார்த்தபடியே நடப்பார். "ஓரமா நின்னு எழுதுய்யா, இடிச்சுப்புடுவேன்!" என்று ரிக்‌ஷாக்காரர்கள் கத்துவார்கள். காதில் விழாது.

ஹாங்காங் பதிவு அலுவலகத்தில் அவர் சீன எழுத்தர். வெள்ளைக்காரக் கம்பெனிகள் வைத்துக்கொள்ளும் சீனப் பெயர்களைச் சரிபார்ப்பது வேலை. துரையின் பெயர் அதன் ஓசையில் கேட்கவேண்டும், பொருள் மங்கலமாக இருக்கவேண்டும். ஒருவர் பதிந்த பெயரை இன்னொருவர் வைக்கக்கூடாது. "பேருல சாவு வாடை அடிச்சா சோப்புகூட விக்காது" என்பார்.

சோப்புக் கம்பெனி லாக்வுட் துரை போன மாதம் பெயர் கேட்டு வந்தார். சோற்று நேரம். சோம்பேறித்தனம்தான், வேறென்ன சொல்ல? தினமும் கண்ணில் படும் இரண்டு எழுத்துகளை எழுதி நீட்டிவிட்டார் யெப்: லோக் வோ. மகிழ்ச்சி, இணக்கம். துரைக்குப் பிடித்துப்போய் அன்றே பதிந்துகொண்டார்.

அது சோய் அம்மாளின் கருவாட்டுக் கடைப் பெயர். அவள் மாமனார் வைத்தது. கருவாட்டுக் கடையை யார் போய்ப் பதிவார்கள்?

சோப்பில் கருவாடு நாறுகிறதென்று ஊரே சிரித்தது. துரை புகார் கொடுத்தார். பலகையைக் கழற்றச் சொல்லும் நோட்டீசை எழுதியவர் யெப். கொண்டுபோய்க் கொடுத்தவரும் அவரே.

"எந்தக் கட்டையில போறவன் எங்க பேரை அவனுக்கு எடுத்துக் குடுத்தான், வாத்தியாரே?" என்றாள் சோய் அம்மாள்.

யெப்புக்குக் காது மடலெல்லாம் எரிந்தது. நான்தான் என்று சொல்லிவிடலாம். சொன்னால் வேலை போகும். "சட்டம் அப்படிம்மா" என்று தலைகுனிந்து வந்துவிட்டார்.

நேற்று பலகை இறங்கியது. எதிர்ப்பக்கமாக நழுவப் பார்த்தவரைச் சோய் அம்மாள் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"போனது போகட்டும். நீங்க படிச்சவரு, நம்ம மனுசரு. எவனும் புடுங்க முடியாத பேரா ஒண்ணு சொல்லுங்க."

சொல்லிக்கொண்டே இரு கையாலும் கெண்டியைப் பிடித்துத் தேநீர் ஊற்றினாள். ஊற்றுபவருக்கு இரண்டு விரலை மடக்கி மேசையில் தட்டுவது அங்கே மரியாதை. மண்டியிட்டு வணங்குவதற்குச் சமம். யெப் விரல்களை மடக்கித் தட்டினார். கோப்பை நிறைந்தது. அவள் கெண்டியை வைத்துவிட்டு உள்ளே போனாள். அவர் தட்டிக்கொண்டே இருந்தார்.